தந்தையின் ஊன ஓய்வூதியம் 2016 இல் மறுக்கப்பட்டது. இப்போது மேல்முறையீடு செய்ய முடியுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். தந்தை 1992 இல் பீரங்கிப்படையில் சேர்ந்து, 24 ஆண்டுகள் பணியாற்றி, 2016 இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். ஓய்வுக்கு முன் உடல்நிலையை மதிப்பிடும் மருத்துவக் குழுவான ரிலீஸ் மெடிக்கல் போர்டு உயர் இரத்த அழுத்தத்துக்கு 30 சதவீதம், செவித்திறன் குறைவுக்கு 20 சதவீதம், இரண்டுக்கும் சேர்த்து (இரண்டையும் வெறுமனே கூட்டுவதில்லை) 40 சதவீத ஊனம் என்று மதிப்பிட்டது. ஆனால் இரண்டு நோய்களும் படைப்பணியால் வந்தவை அல்ல, படைப்பணியால் மோசமானவையும் அல்ல என்று எழுதிவிட்டது. அதை வைத்து, பணிக் காகிதங்களைப் பராமரிக்கும் ஆவண அலுவலகம் ஊன ஓய்வூதியத்தை மறுத்து ஒரு பக்கக் கடிதம் அனுப்பியது. ஆறு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றும் அதில் இருந்தது. தந்தை செய்யவில்லை. இப்போது டிரங்குப் பெட்டியில் அந்தக் கடிதம் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. இனி ஏதாவது செய்ய முடியுமா, எவ்வளவு தொகை கிடைக்கும் என்கிறீர்கள்.

முடியும். காலம் கடந்ததால் உரிமை போய்விடவில்லை; பழைய நிலுவைத் தொகையில் ஒரு பகுதிதான் போயிருக்கிறது. ஆனால் உடனே மேல்முறையீட்டு மனு எழுத உட்கார்ந்துவிடாதீர்கள். படையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இத்தகைய மனுக்கள் பலவற்றைப் படித்திருக்கிறேன். பத்தில் எட்டு மனுக்கள் குடும்பத்தின் கஷ்டத்தையும் நாட்டுக்கு ஆற்றிய சேவையையும் மூன்று பக்கம் சொல்லிவிட்டு, மெடிக்கல் போர்டு எழுதிய காரணத்தைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாமல் முடிந்துவிடும். மேல்முறையீட்டுக் குழு பார்ப்பது அந்தக் காரணத்தை மட்டும்தான். ஆகவே முதல் வேலை, அந்தக் காரணம் என்ன என்று உங்கள் கண்ணால் பார்ப்பது.

மறுப்புக் கடிதத்தில் அது இருக்காது. ரிலீஸ் மெடிக்கல் போர்டின் நடவடிக்கைப் படிவத்தில்தான் இருக்கும். படை மருத்துவமனைகளில் அதை ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16 என்பார்கள். உங்களிடம் பிரதி இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தந்தையே கையெழுத்திட்டு, படை எண், பதவி, பெயர், கடைசி யூனிட் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, பத்து ரூபாய் கட்டணத்துடன் தம் ஆவண அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்க வேண்டும். பீரங்கிப்படைக்கு ஆவண அலுவலகம் நாசிக் ரோட்டில் இருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு வெலிங்டனில். விண்ணப்பம் தவறான இடத்துக்குப் போனாலும், உரிய அலுவலகத்துக்கு ஐந்து நாட்களுக்குள் மாற்றி அனுப்ப வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 6(3) ஆம் பிரிவு சொல்கிறது. பதிலுக்கு 30 நாள். கேட்க வேண்டியவை நான்கு: படையில் சேர்ந்தபோது நடந்த மருத்துவப் பரிசோதனைப் படிவம், நோய் முதலில் கண்டறியப்பட்டபோதும் அதன்பின் உடல்தகுதியைக் குறிக்கும் மருத்துவப் பிரிவு குறைக்கப்பட்டபோதும் எழுதப்பட்ட சிறப்பு மருத்துவர் குறிப்புகள், ரிலீஸ் மெடிக்கல் போர்டின் எல்லாப் பக்கங்களும், பணியிட விவரங்கள் அடங்கிய ஷீட் ரோல். ‘எல்லாப் பக்கங்களும்’ என்று எழுத மறந்துவிடாதீர்கள். இல்லையென்றால் கடைசிப் பக்கம் மட்டும் வந்து சேரும்.

பிரதி வந்தவுடன் இரண்டு இடங்களைப் பாருங்கள். முன்பகுதியில் பணியாற்றிய ஊர்களின் அட்டவணை ஒன்று இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே அமைதிப் பகுதியா, எல்லை போன்ற ஃபீல்டு பகுதியா என்று ஓர் எழுத்தில் குறித்திருப்பார்கள். பின்பகுதியில் நான்கு கட்டங்கள் கொண்ட இன்னொரு அட்டவணை இருக்கும்: நோயின் பெயர், பணியால் ஏற்பட்டதா, பணியால் தீவிரமடைந்ததா, விரிவான காரணம். உங்கள் வழக்கின் உயிர் அந்த நான்காவது கட்டத்தில் இருக்கிறது. ‘விரிவான காரணம்’ என்று தலைப்பு அச்சிட்டிருக்கும். கீழே பெரும்பாலும் ‘அமைதிப் பகுதியில் தொடங்கியது’ என்றோ ‘உடலமைப்பு சார்ந்த நோய்’ என்றோ மூன்று நான்கு சொற்கள்தான் இருக்கும். ஏன் அப்படிக் கருதுகிறார்கள், இவருடைய பணி என்னவாக இருந்தது, எதையெல்லாம் பரிசீலித்தார்கள் என்பது எதுவும் இருக்காது. வெறும் முடிவு இருந்து காரணம் இல்லாத அந்தக் கட்டம்தான் உங்களுடைய முதல் ஆதாரம்.

இதற்குச் சட்டத்தில் உள்ள பலத்தைப் புரிந்துகொள்ளத் தரம்வீர் சிங் வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1985 ஜூனில் சிக்னல் பிரிவில் சிப்பாயாகச் சேர்ந்த அவர், வலிப்பு நோய் காரணமாக 1994 ஏப்ரலில் 20 சதவீத ஊனத்துடன் வெளியேற்றப்பட்டார். நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று போர்டு சொன்னது. 2013 ஜூலை 2 அன்று உச்ச நீதிமன்றம் அவருக்கு ஊன ஓய்வூதியம் வழங்கியது. ஊன ஓய்வூதியம் யாருக்கு உண்டு என்று சொல்லும் 1982 ஆம் ஆண்டு உரிமை விதிகளை வைத்து அத்தீர்ப்பு வகுத்த நெறி இது: படையில் சேரும்போது ஒருவருடைய மருத்துவப் படிவத்தில் நோய் எதுவும் குறிக்கப்படவில்லையென்றால் அவர் நல்ல உடல்நலத்துடன் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும், பிறகு மருத்துவக் காரணத்துக்காக வெளியேற்றப்பட்டால், அந்தச் சீர்குலைவு பணியால் வந்தது என்று அனுமானிக்க வேண்டும், நிரூபிக்கும் சுமை விண்ணப்பதாரர் மேல் இல்லை, நியாயமான ஐயத்தின் பலன் அவருக்கே சேரும், சேரும்போது அந்த நோயைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்று போர்டு கருதினால் அதற்கான காரணத்தை எழுத வேண்டும். 2014 இல் சுக்விந்தர் சிங், 2015 இல் ராஜ்பீர் சிங், 2025 ஏப்ரலில் பிஜேந்தர் சிங் ஆகியோரின் வழக்குகளிலும் உச்ச நீதிமன்றம் இந்த வழியிலேயே நின்றது.

ஆனால் இதை மட்டும் எழுதிவிட்டு வெற்றி நிச்சயம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். தந்தை ஓய்வு பெற்றது 2016 இல். அவருக்கு 1982 விதிகள் அல்ல, 2008 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் பொருந்தும் என்று அரசுத் தரப்பு வாதிடும். அந்த விதிகளின் 5 ஆவது விதி, சேரும்போது நடக்கும் பரிசோதனை மேலோட்டமானது, உறங்கிக் கிடக்கும் நோய்களை அது காட்டாமல் போகலாம், நோய் பணிக்காலத்தில் தலைகாட்டியது என்பதாலேயே பணியால் வந்ததாக ஆகிவிடாது என்கிறது. 2019 அக்டோபரில் நர்சிங் யாதவ் வழக்கில், மனநோய் தொடர்பாக, பழைய அனுமானத்தை இயந்திரத்தனமாகப் பொருத்த முடியாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எனவே தரம்வீர் சிங் தீர்ப்பை மேற்கோள் காட்டுவது தேவைதான். அது மட்டும் போதாது. தந்தையின் பணிக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை அவருடைய காகிதங்களிலிருந்தே காட்ட வேண்டும்.

2008 விதிகளில் உங்களுக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. அதில் ஓர் எச்சரிக்கையும் ஒளிந்திருக்கிறது. 7 ஆவது விதியின்படி, வழக்கமாக விண்ணப்பதாரர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் ஓய்வு பெற்று 15 ஆண்டுகள் கழித்து, ஆவணங்கள் அழிக்கப்பட்ட பிறகு கோரிக்கை வந்தால், நிரூபிக்கும் சுமை அவர் தோளுக்கு மாறிவிடும். தந்தைக்கு அந்தக் கெடு 2031 இல் வருகிறது. இன்னும் காலம் இருக்கிறதே என்று எண்ண வேண்டாம். படை மருத்துவமனையின் பழைய வார்டுக் குறிப்புகள் அதற்கு முன்பே கிடைக்காமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

இனி இரண்டு நோய்களுக்கும் தனித்தனியாக வருகிறேன். கூட்டு மதிப்பீடு 40 என்றாலும், பணித்தொடர்பு ஒவ்வொரு நோய்க்கும் தனியாகத்தான் தீர்மானிக்கப்படும். ஒன்று நின்று மற்றொன்று விழலாம்.

என் கணிப்பில் செவித்திறன் குறைவுதான் வலுவானது. பீரங்கிச் சத்தத்துக்கு நடுவே 24 ஆண்டுகள் இருந்தவரின் காது கேளாமைக்கும் பணிக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல நல்ல காரணம் வேண்டும். ‘வயது காரணமாக’ என்று போர்டு எழுதியிருந்தால், 2016 இல் எடுத்த ஆடியோகிராமை, அதாவது செவித்திறன் சோதனை வரைபடத்தை, ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். பேரொலியால் பாதிக்கப்பட்ட காதின் வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே கோடு ஒரு பள்ளமாக இறங்கி, அதற்கு மேல் சற்று ஏறும். முதுமையால் வரும் குறைவில் உயர் அலைவரிசைகளை நோக்கிக் கோடு சரிந்துகொண்டே போகும். அந்தப் பள்ளம் இருந்தால், அதை விளக்கி மருத்துவர் எழுதித் தரும் அரைப் பக்கக் குறிப்பு, குடும்பக் கஷ்டத்தைச் சொல்லும் மூன்று பக்கங்களைவிட மதிப்புள்ளது. இன்று புதிதாக எடுக்கும் ஆடியோகிராமை இணைக்கலாம். ஆனால் ஓய்வுக்குப் பின் கடந்த ஆண்டுகளின் வயதும் அதில் சேர்ந்திருக்கும் என்பதால், எடை 2016 ஆம் ஆண்டு வரைபடத்துக்கே. பீரங்கிப் பிரிவில் அவர் செய்த வேலை எது என்பதும் முக்கியம். பீரங்கியின் பக்கத்தில் நின்ற கன்னராக இருந்தாரா, ஓட்டுநராகவா, சமையற்காரராகவா என்பதை ஷீட் ரோல் காட்டும்.

உயர் இரத்த அழுத்தத்தின் கதை வேறு. இது ஊரில் பாதிப் பேருக்கு வருகிற நோய்தானே என்பதுதான் போர்டின் மனத்தில் இருக்கும் எண்ணம். அதனால் ‘பணியால் ஏற்பட்டது’ என்று வாதாடுவதைவிட ‘பணியால் தீவிரமடைந்தது’ என்று வாதாடுவது நடைமுறையில் எளிது. ஓய்வூதியத் தொகை இரண்டுக்கும் ஒன்றுதான். படை மருத்துவ அலுவலர்களுக்கான 2008 ஆம் ஆண்டு வழிகாட்டி நூல், ஃபீல்டு பகுதியிலோ, உயர்மலைப் பகுதியிலோ, கிளர்ச்சி எதிர்ப்பு நடவடிக்கையிலோ, நீண்ட கடற்பணியிலோ இருக்கும்போது இந்த நோய் தொடங்கினால் தீவிரமடைந்ததாக ஏற்கலாம் என்கிறது. ஆகவே நோய் எந்தத் தேதியில், எந்த ஊரில் கண்டறியப்பட்டது என்று பாருங்கள். பிறகு முதலில் சொன்ன பணியிட அட்டவணையை அதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டரை ஆண்டுகள் மலை எல்லையில் இருந்துவிட்டு அமைதிப் பகுதிக்கு மாறிய நான்காவது மாதத்தில் தலைச்சுற்றலுக்காக மருத்துவமனைக்குப் போனவரின் படிவத்தில், ‘அமைதிப் பகுதியில் தொடங்கியது’ என்று எழுதியிருப்பார்கள். கண்டறியப்பட்ட நாளும் தொடங்கிய நாளும் ஒன்றல்ல என்பது மருத்துவம் படிக்காதவருக்கும் தெரியும். இந்த நோய் அறிகுறியே இல்லாமல் பல காலம் இருக்கக்கூடியது. மனுவில் தேதிகளோடு இதை எழுத வேண்டும். அமைதிப் பகுதியிலும் படைப்பணிக்கே உரிய அழுத்தம் உண்டு என்பதை ஏற்று, படையினரின் பணி வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் பல வழக்குகளில் தீர்ப்பளித்திருக்கிறது. இருந்தாலும் ஃபீல்டு பகுதிக்குப் பின் உடனே வந்த நோய் என்று காட்ட முடிந்தால், அந்த வாதத்தைத் தனியாகச் சார்ந்திருக்க வேண்டியதில்லை.

குடும்பத்தில் இந்த நோய் உண்டு, புகைப்பழக்கம் உண்டு, உடல் எடை அதிகம் என்பன போன்ற குறிப்புகள் படிவத்தில் இருந்தால் மறைக்காதீர்கள். அவை எதிர்த்தரப்பிடமும் இருக்கின்றன. அவை இருந்தும் பணி நோயை மோசமாக்கியதா என்பதே கேள்வி என்று நேரடியாக எழுதுவது நல்லது.

நடைமுறைக்கு வருவோம். முதல் மேல்முறையீடு, மறுப்பு கிடைத்த ஆறு மாதத்துக்குள், ஆவண அலுவலகத்தின் வழியாக, தில்லியில் உள்ள முதல் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போக வேண்டும். அது நிராகரித்தால் அடுத்த ஆறு மாதத்துக்குள் ஓய்வூதியத்துக்கான இரண்டாம் மேல்முறையீட்டுக் குழு. தேவைப்பட்டால் மேல்முறையீட்டு மெடிக்கல் போர்டு ஒன்றை அமைத்துத் தந்தையை மீண்டும் பரிசோதிக்க உத்தரவிடலாம். அதன்பின் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட அதற்குச் சென்னையிலும் அமர்வு உண்டு. நீதித்துறை உறுப்பினர் ஒருவரும், படையில் உயர் பதவி வகித்த நிர்வாக உறுப்பினர் ஒருவரும் விசாரிப்பார்கள். அச்சட்டத்தின் 22 ஆவது பிரிவு தீர்ப்பாயத்தை அணுகவும் ஆறு மாதக் கெடுவே வைத்திருக்கிறது. போதிய காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரத்தையும் தந்திருக்கிறது.

உங்களுக்குத் தடையாகத் தோன்றும் காலதாமதத்துக்கு, 2008 ஆகஸ்ட் 13 அன்று வந்த தர்சேம் சிங் தீர்ப்பு வழிகாட்டுகிறது. அவர் 1983 இல் வெளியேற்றப்பட்டு, 16 ஆண்டுகள் கழித்து 1999 இல் நீதிமன்றத்துக்குப் போனவர். ஓய்வூதியம் மறுக்கப்படுவது மாதந்தோறும் தொடரும் தவறு என்பதால், தாமதத்தைக் காட்டி நிவாரணத்தை மறுக்க வேண்டியதில்லை என்றும், ஆனால் நிலுவைத் தொகை வழக்குத் தொடுத்த நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே கிடைக்கும் என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. எனவே இன்றைய நிலையில் நான் செய்வது இதுதான்: தாமதத்தை மன்னிக்கும் வேண்டுகோளுடன் முதல் மேல்முறையீட்டை உடனே அனுப்புவேன். காலங்கடந்தது என்று அதைத் திருப்பினால், அந்தத் திருப்பிய கடிதத்தோடு தீர்ப்பாயத்துக்குப் போவேன். பதிலே வராவிட்டால் ஆறு மாதம் பார்த்துவிட்டுப் போவேன். சட்டம் அதற்கு இடம் தருகிறது. தாமதத்துக்குக் காரணமாக உடல்நலம், அறியாமை என்று உண்மையை இரண்டு வரியில் எழுதுங்கள், போதும்.

தொகையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஊனத்துக்காகத் தனியாகத் தரும் தொகையை ஊனப் பகுதி என்பார்கள். நூறு சதவீத ஊனத்துக்கு அது, கடைசியாகப் பெற்ற கணக்கில் கொள்ளத்தக்க ஊதியத்தில் 30 சதவீதம். குறைந்த ஊனத்துக்கு அதே விகிதத்தில் குறையும். கணக்குக்காக அந்த ஊதியம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நூறு சதவீதத்துக்கு 12,000. 40 சதவீதத்துக்கு 4,800. ஆனால் 50 சதவீதத்துக்குக் குறைவான ஊனத்தை 50 ஆகவும், 50 முதல் 75 வரை உள்ளதை 75 ஆகவும், அதற்கு மேற்பட்டதை 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிடும் முறை ஒன்று உண்டு. முதலில் அது மருத்துவக் காரணத்தால் இடையில் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டும் என்று இருந்தது; பணிக்காலத்தை முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பர் 10 அன்று ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதன்படி தந்தைக்கு 6,000 ரூபாய், அதன் மேல் அகவிலைப்படி. இப்போது வாங்கும் ஓய்வூதியத்தோடு இது கூடுதலாகச் சேரும். மனுவின் கோரிக்கைப் பகுதியில் இந்த உயர்த்தலைத் தனியாகக் கேட்க வேண்டும். கேட்க மறந்து, பிறகு அதற்காக இன்னொரு வழக்குப் போட்டவர்கள் உண்டு.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. இரத்த அழுத்தம் நிராகரிக்கப்பட்டுச் செவித்திறன் குறைவு மட்டும் ஏற்கப்பட்டால், மிஞ்சுவது 20 சதவீதம். ஓய்வு பெற்றவருக்கு ஊனப் பகுதி கிடைக்கக் குறைந்தபட்சம் 20 வேண்டும். அதற்குக் கீழே போனால் உயர்த்தலும் இல்லை என்று 2019 டிசம்பரில் எஸ்.பி. ரத்தோர் வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. தந்தை சரியாக விளிம்பில் நிற்கிறார். அதனால் மறுபரிசோதனை போர்டு அமைக்கப்பட்டால், செவித்திறன் குறைவின் மதிப்பீடு 15 முதல் 19 சதவீதம் என்று எழுதப்படாமல் இருப்பதில் கவனம் தேவை. பழைய ஆடியோகிராமைக் கையில் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

தீர்ப்பாயத்தில் தோற்றால் வழி அடைபடுவதில்லை. தீர்ப்பாயத்தின் உத்தரவை உயர் நீதிமன்றம் ரிட் அதிகாரத்தின் கீழ் பார்க்கலாம் என்று 2023 மார்ச்சில் பரஷோத்தம் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. அதே கதவு அரசுக்கும் திறந்திருக்கிறது. வென்றவர்களும் மேலும் காத்திருக்க நேர்கிறது. வென்ற பிறகும் பணம் வராவிட்டால் தீர்ப்பாயத்திலேயே நிறைவேற்று மனு போடலாம்.

வழக்கறிஞர் இல்லாமல் முதல் இரண்டு கட்டங்களைக் கடந்துவிடலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனுவைச் சரிபார்த்துக்கொள்ளலாம். தீர்ப்பாயத்துக்கு வழக்கறிஞர் நல்லது. மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி பெறும் உரிமையை 1987 ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் அதிகாரக் குழுச் சட்டத்தின் 12 ஆவது பிரிவு தருகிறது. நிலுவையில் இத்தனை பங்கு தந்தால் போதும் என்று தொலைபேசியில் வரும் ஆட்களிடம் அசல் காகிதங்களைக் கொடுத்துவிடாதீர்கள்.

மனுவின் நீளம் இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். முதல் பத்தியில் படை எண், சேர்ந்த நாள், ஓய்வு பெற்ற நாள், சேரும்போது மருத்துவப் படிவத்தில் நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்ற ஒரு வாக்கியம். அடுத்து ஒவ்வொரு நோய்க்கும் ஒரு பத்தி: எப்போது, எங்கே கண்டறியப்பட்டது, அதற்கு முன் மூன்று ஆண்டுகள் எங்கே என்ன வேலை, போர்டு எழுதிய காரணம் அதே சொற்களில், அது ஏன் காரணமாகாது. அதன்பின் தீர்ப்புகள், கோரிக்கை. ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதையும் ஒப்புகையையும் மனுவின் நகலோடு சேர்த்துத் தைத்து வையுங்கள். தீர்ப்பாயத்தில் முதலில் கேட்கப்படுவது மேல்முறையீடு அனுப்பிய நாளுக்கான சான்றுதான்.